சபை எப்போது குடும்பமாகிறது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சபை வாழ்க்கையைப் பற்றியே இருந்தன. 'நாம் ஒரே குடும்பம்' என்று ஆலயத்தில் அடிக்கடி சொல்லப்படுவதை நம்ப விரும்பியும் நம்ப முடியாமல் தவிக்கிறவர்கள் எழுதிய கடிதங்கள் அவை. ஆகவே இம்முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊர்களை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: பிழைப்புக்காகத் தென் மாவட்டத்திலிருந்து இங்கு வந்து, இங்குள்ள சபையில் உறுப்பினராகச் சேர்ந்திருக்கிறேன். ஆயர் ஞாயிறுதோறும் 'நாமெல்லோரும் ஒரே குடும்பம்' என்கிறார். ஆராதனை முடிந்ததும் அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். என் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. இது வெறும் மேடைப் பேச்சுதானா, ஐயா? (வாசகர், திருப்பூர்)

பதில்: மேடைப் பேச்சாக ஆகிவிட்டது என்பதை நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் தொடக்கத்தில் அது அப்படி இருக்கவில்லை. அன்று சபைகளுக்கு மேடையே இல்லை. முதல் நூற்றாண்டு விசுவாசிகள் யாராவது ஒருவருடைய வீட்டில்தான் கூடினார்கள். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பெயர்ப் பட்டியல்தானே என்று நம்மில் பலர் அதை வாசிக்காமல் தாண்டிவிடுகிறோம். கெங்கிரேயா ஊர்ச் சபையின் ஊழியக்காரியான பெபேயாள், கூடாரம் செய்து பிழைத்த ஆக்கில்லா, அவருடைய மனைவி பிரிஸ்கில்லாள், அவர்கள் வீட்டிலே கூடுகிற சபை, தனக்கும் தாயாக இருந்தவர் என்று பவுல் உரிமையோடு குறிப்பிடுகிற ரூபுவின் தாய் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. அதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான்: தாய், சகோதரி, பிரியமானவர் என்ற உறவுச் சொற்களுக்குப் பக்கத்திலேயே, இவர் மிகவும் பிரயாசப்பட்டார், இவர்கள் என் உயிருக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுத்தார்கள், இவர் பலருக்கு ஆதரவாக இருந்தார் என்று செய்த வேலையும் எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றாக உழைத்தவர்களைத்தான் அவர் உறவினராக அழைக்கிறார். ஒன்றாக உட்கார்ந்து பாட்டுப் பாடியதற்காக மட்டும் யாரையும் அவர் தாயென்று அழைத்ததாகத் தெரியவில்லை.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லக்கூடிய வழி, ஆராதனைக்கு வெளியே நடக்கிற ஏதாவது ஒரு வேலையில் கையை வைத்துவிடுவதுதான். சனிக்கிழமை மாலை ஆலயத்தைப் பெருக்கித் துடைக்கிறவர்கள், பண்டிகைக்குப் பந்தல் கட்டுகிறவர்கள், அரசு மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர்கள் என்று எந்தச் சபையிலும் ஒரு சிறு கூட்டம் இருக்கும். அவர்களுக்கு ஆள் எப்போதும் போதாது. அங்கே போனால் ஒரே மாதத்தில் உங்கள் பெயர் தெரிந்துவிடும். கல்யாணம் ஆகிவிட்டதா என்ற விசாரணையும் தொடங்கிவிடும்.

ஆனால் சுமை முழுவதையும் புதிதாக வந்தவர்மேல் ஏற்றுவது நியாயமன்று. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் உள்ள ஒரு சபை, வாரம் ஒன்றரை மணி நேர ஆராதனையை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் அறிந்துகொள்ள முடியாது. கத்தோலிக்கச் சகோதரர்கள் ஓர் ஆலயத்துக்குரிய பங்கைச் சிறு சிறு அன்பியங்களாகப் பிரித்து, அந்தந்தத் தெருவிலுள்ள குடும்பங்கள் வீடுகளில் கூடி வேதம் வாசிக்கவும், அத்தெருவின் துன்பங்களைப் பேசிக்கொள்ளவும் வழி செய்திருக்கிறார்கள். முப்பது குடும்பங்களுக்குள் ஒருவர் பெயரில்லாமல் ஒளிந்துகொள்ள முடியாது. இதை வெட்கப்படாமல் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. உங்கள் கடிதத்தை உங்கள் ஆயரிடமே காட்டுங்கள். அவருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: எங்கள் ஊரில் பிரதிஷ்டைப் பண்டிகையின்போது அசனம் நடக்கிறது. பல ஆயிரம் பேர் சாப்பிடுகிறார்கள். இவ்வளவு பணத்தை ஒரே நாளில் சோறாக்கிக் கொட்டுவதைவிட ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுக்கலாமே என்று வாலிபர் சங்கத்தில் பேசினேன். பெரியவர்கள் எரிந்து விழுந்தார்கள். நான் சொன்னது தவறா? (வாசகர், தூத்துக்குடி மாவட்டம்)

பதில்: கேட்டது தவறில்லை. ஆனால் அசனத்தைப் பற்றி நீங்கள் போட்ட கணக்கில் ஒரு பகுதி விடுபட்டிருக்கிறது.

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் பழைய சபைகளில் அசனம் எப்படி நடந்து வந்தது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு வீட்டார் அரிசி கொடுப்பார்கள். ஒரு வீட்டார் ஆடு கொடுப்பார்கள். தோப்பு உள்ளவர் தேங்காயும் விறகும் அனுப்புவார். கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாதவர் இரவு முழுவதும் அடுப்படியில் நின்று சோறு வடிப்பார். வெளியூரில் வேலைக்குப் போனவர்கள் அந்த நாளைக் கணக்குப் பண்ணி விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து சேருவார்கள். வெங்காயம் உரிப்பதற்கு ஒரு கூட்டம், தேங்காய் துருவுவதற்கு ஒரு கூட்டம், வாளி தூக்குவதற்கு ஒரு கூட்டம் என்று ஊரே பிரிந்து நின்று, ஒரே வேலையைச் செய்து முடிக்கும். பந்தியில் ஆடு கொடுத்தவருக்கும் விறகு சுமந்தவருக்கும் ஒரே கரண்டிதான். பக்கத்து ஊர் இந்துக்களும் முஸ்லிம்களும் வந்து உண்டு போவது பல ஊர்களில் இன்றும் உண்டு. ஆண்டு முழுவதும் வாய்க்கால் தகராற்றில் பேசாமல் இருந்த இரண்டு பேர் ஒரே அண்டாவின் இரு காதுகளையும் பிடித்துத் தூக்க நேர்ந்தால், ஒரு வார்த்தையாவது பேசித்தான் ஆகவேண்டும். இந்த நன்மையைக் கல்வி நிதி எதுவும் தர முடியாது. கல்வி நிதி வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு அசனத்தை நிறுத்தவேண்டியதில்லை என்றுதான் சொல்கிறேன்.

உணவைப் பகிர்ந்துகொள்வது அற்பமான காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். கொரிந்து சபையில் திருவிருந்தோடு சேர்ந்து ஒரு பொது உணவும் நடந்தது. வசதி உள்ளவர்கள் முன்னதாகவே வந்து வயிறார உண்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். இதைக் கேள்விப்பட்ட பவுல், நீங்கள் செய்வது கர்த்தருடைய இராப்போஜனமே அன்று என்று கடுமையாக எழுதினார். பந்தியில் நடந்த பாகுபாட்டை அவர் திருவிருந்துக்கே நேர்ந்த அவமதிப்பாகப் பார்த்தார்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், உங்கள் கோபத்துக்கு வேறொரு இலக்கைக் காட்ட விரும்புகிறேன். இப்போது சில ஊர்களில் அசனத்தை ஒரே ஒரு செல்வந்தர் தம் செலவில் ஏற்றுக்கொண்டு, ஆலய வாசலில் தம் படத்தோடு பெரிய பதாகை வைக்கிறார்; சமையலைப் பந்தல்காரரோடு சேர்த்து ஒப்பந்தத்துக்கு விட்டுவிடுகிறார்கள்; சபையார் புதுத்துணி உடுத்தி வந்து, சாப்பிட்டுவிட்டு, கறி சற்று வேகவில்லை என்று குறை சொல்லிப் போகிறார்கள். இதைத்தான் வாலிபர் சங்கம் எதிர்க்க வேண்டும். அடுப்படியை மீண்டும் சபையார் கையில் வாங்குங்கள். அதற்கு வாலிபர் சங்கத்தார் இரவு முழுவதும் கண்விழிக்க வேண்டியிருக்கும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: என் பாட்டி அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சிறு பானை வைத்து, உலைக்கு அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி அதில் போடுவார். அது சபைக்குப் போகும். இப்போது ஆலயச் சுவரிலேயே க்யூஆர் குறியீடு ஒட்டியிருக்கிறார்கள், கைபேசியில் அனுப்பிவிடுகிறோம். பிடி அரிசியால் வந்ததைவிட இப்போது பல மடங்கு அதிகமாகவே வருகிறது. ஆனாலும் ஏதோ குறைகிறதாக மனத்துக்குப் படுகிறது. இது வெறும் பழைய நினைவுதானா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: இல்லை, சகோதரி. உங்கள் மனத்துக்குப் பட்டது சரிதான். அதற்குக் காரணம் உண்டு.

பிடி அரிசி நம் ஊருக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. மிசோரம் சபைகளில் 1910ஆம் ஆண்டு தொடங்கிய இதே வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. சமைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, வாரந்தோறும் பெண்கள் வீடு வீடாகச் சென்று சேகரித்து, அதை விற்று வரும் பணத்தை ஊழியத்துக்குக் கொடுக்கிறார்கள். காசு புழங்காத மலைக் கிராமங்களிலிருந்து மிஷனெரிகளை அனுப்பும் அளவுக்குப் பணம் சேர்ந்தது இப்படித்தான்.

நம் பக்கத்துக் கதையும் சளைத்ததன்று. 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரிச் சங்கம் தொடங்கப்பட்டது. இந்தியர்களே போக வேண்டும், இந்தியர்களின் பணமே செலவாக வேண்டும், இந்தியர்களே நிர்வகிக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. இதற்கு முன்னின்றவர்களில் ஒருவர் 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. அதுவரை மேல்நாட்டாரின் காணிக்கையால் பள்ளியும் ஆலயமும் கட்டப்பட்டு வந்த ஒரு சமுதாயம், பனைத்தொழிலாளர்களும் சிறு விவசாயிகளும் நிறைந்திருந்த ஒரு சமுதாயம், நிஜாம் ஆட்சிப் பகுதியிலிருந்த தோர்ணக்கல் என்ற ஊருக்குத் தன் செலவில் தன் ஆட்களை அனுப்பத் துணிந்தது. அங்கே பேசப்பட்ட மொழி தெலுங்கு. போனவர்கள் அதை அங்கு போய்த்தான் கற்றுக்கொண்டார்கள். அசரியாவும் 1909இல் குருப்பட்டம் பெற்று அங்கே சென்றார். 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அவர் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டபோது, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். தோர்ணக்கல் பகுதிக் கிராமச் சபைகளிலும், பெரும்பாலும் நிலமற்ற கூலித் தொழிலாளர்களான பெண்கள், சமைக்கும்போது பிடி அரிசி எடுத்து வைப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டார்கள். பெற்றுக்கொள்கிறவர்களாகவே எண்ணப்பட்டவர்கள் அதனால் கொடுக்கிறவர்களானார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கைபேசிக் காணிக்கையில் பணம் வருகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிற பிள்ளை அங்கிருந்தே தன் சபையைத் தாங்குவதற்கு அதைவிட நல்ல வழியும் இல்லை. ஆனால் பிடி அரிசி இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்தது. ஒன்று, அது வீட்டில் சம்பாதிக்கிறவரின் காணிக்கையாக இல்லாமல் சமைக்கிறவரின் காணிக்கையாக இருந்தது. கையில் காசே புழங்காத பெண்ணும் சபையின் நோக்கத்தில் நாள்தோறும் பங்கெடுத்தாள், அதைப் பக்கத்தில் நின்று பிள்ளைகள் பார்த்தார்கள். மற்றொன்று, வாரந்தோறும் அந்தப் பானையைத் தேடி யாராவது வீட்டுக்கு வந்தார்கள். பானையில் இந்த வாரம் அரிசி இல்லை என்றால், அந்த வீட்டில் உலை ஏறவில்லை என்பது வந்தவருக்குப் புரிந்துவிடும். புரிந்தவர் மறுநாள் சும்மா வரமாட்டார். சேகரிப்பதற்காகப் போன கால்களே கொண்டுபோய்க் கொடுப்பதற்கும் போயின. க்யூஆர் குறியீட்டுக்கு யார் கொடுத்தார்கள் என்பது தெரியும். யாரால் இந்த மாதம் கொடுக்க முடியவில்லை, ஏன் முடியவில்லை என்பது தெரியாது.

பானையைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஆனால் வீடுகளுக்குப் போவதைத் திரும்பக் கொண்டுவரலாம். உங்கள் பெண்கள் ஐக்கிய சங்கம் மாதம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும், காணிக்கை உறையைக் கேட்காமல், சும்மா போய் வரட்டும்.

கேள்வி: வருடாந்தரச் சபைக் கூட்டத்தில் பண்டிகைச் செலவுக்குக் கணக்குக் கேட்டேன். 'குடும்பத்துக்குள் யாராவது கணக்குக் கேட்பார்களா?' என்று பொறுப்பில் உள்ள ஒருவர் சொன்னார், கூட்டம் கைதட்டியது. எனக்குத்தான் விசுவாசம் குறைவா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை)

பதில்: குடும்பத்தில் கணக்குக் கேட்கமாட்டார்கள் என்று சொன்னவருக்குத் திருமணம் ஆகவில்லை போலும்.

மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் இருந்த சபைகள் எருசலேமிலுள்ள ஏழை விசுவாசிகளுக்காக ஒரு பெரிய காணிக்கையைச் சேர்த்தன. அதைத் திரட்டியவர் பவுல். அவருடைய நேர்மையைச் சந்தேகிக்க யாருக்குத் துணிவு இருந்திருக்கும்? ஆயினும் அவர் அந்தப் பணத்தைத் தனியாகத் தொடவில்லை. தம் உடன் ஊழியரான தீத்துவோடு கூட, சபைகளாலேயே தெரிந்துகொள்ளப்பட்ட இன்னொரு சகோதரரையும் சேர்த்து அனுப்புகிறேன் என்றும், இவ்வளவு பெரிய தொகையைக் கையாளும்போது யாரும் எங்களைக் குற்றப்படுத்த இடம் இருக்கக்கூடாது என்றும், கர்த்தருக்கு முன்பாக மட்டுமன்றி மனிதருக்கு முன்பாகவும் சரியாக நடக்கப் பார்க்கிறோம் என்றும் இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில் எழுதுகிறார். கணக்குக் கேட்கப்படுவதற்கு முன்பே ஏற்பாடு செய்துவிட்டார் என்பதைக் கவனியுங்கள்.

அப்போஸ்தலருக்கே தேவைப்பட்ட ஒழுங்கு நம் பொருளாளருக்குத் தேவைப்படாமல் போகாது. காணிக்கைப் பையை ஆராதனை முடிந்த உடனே, உறவினரல்லாத இருவராவது சேர்ந்து எண்ணிப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். வங்கிக் கணக்கில் ஒருவர் கையெழுத்தால் மட்டும் பணம் எடுக்க முடியாதபடி இருக்க வேண்டும். தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவு, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும். கூட்டத்தில் வைத்து வேகமாக வாசித்துவிட்டு 'ஏற்றுக்கொள்கிறவர்கள் கை உயர்த்துங்கள்' என்பது கணக்குக் காட்டுவதாகாது. அறுப்பின் பண்டிகையில் ஒரு எலுமிச்சம்பழத்தை ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏலம் எடுத்துவிட்டு, அடுத்த அறுப்பு வரையில் பணம் கட்டாதவர்களின் பட்டியலும் அதில் இருந்தால் நன்று. அந்தப் பட்டியலை வெளியிட எந்தக் கமிட்டிக்கும் துணிவு வராது என்பதும் எனக்குத் தெரியும்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கேள்வியைப் பண்டிகை முடிந்த பிறகு கேட்காமல், செலவுத் திட்டம் போடும்போதே கேளுங்கள். குற்றம் சாட்டுவதாகத் தோன்றாமல் உதவி செய்வதாகத் தோன்றும். எண்ணுவதற்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: சமையல், கூட்டுதல், விற்பனை விழா எல்லாவற்றுக்கும் பெண்கள் வேண்டும், முடிவெடுக்கும் கமிட்டியில் மட்டும் ஆண்கள். இதுதான் குடும்பமா? (வாசகி, சென்னை)

பதில்: பல குடும்பங்கள் அப்படித்தான் இருக்கின்றன என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) 1976இலேயே பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. 2013இல் புஷ்ப லலிதா அம்மையார் நந்தியால் பேராயராகி, அத்திருச்சபையின் முதல் பெண் பேராயரானார். பேராயர் நாற்காலிக்கே தகுதியுள்ளவர்கள் உள்ளூர்க் கமிட்டியின் நாற்காலிக்குத் தகுதியற்றவர்கள் என்று வாதிட எவராலும் முடியாது. தேர்தலில் நில்லுங்கள். உங்கள் சங்கத்துப் பெண்கள் அனைவரும் வாக்குப் பட்டியலில் இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். சந்தா பாக்கி என்று சொல்லிப் பெயரை நீக்கிவிடுவது பழைய தந்திரம்.

கேள்வி: ஒரே ஆலயம், ஒரே அப்பம், ஒரே பாத்திரம். ஆனால் கல்லறைத் தோட்டத்தில் சாதி. சம்பந்தம் பேசுவதில் சாதி. கமிட்டித் தேர்தலிலும் சாதி. குடும்பம் என்று நாம் பேசுவதைக் கேட்டு மற்றவர்கள் சிரிக்கமாட்டார்களா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: சிரிக்கிறார்கள். அதற்கு அவர்களுக்கு உரிமையும் உண்டு.

இது இன்று தோன்றிய நோயன்று. கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் 1833இல், சபைக்குள் சாதி வேறுபாடுகள் முற்றிலும் ஒழிய வேண்டும் என்று சுற்றுமடல் அனுப்பியபோது, சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் திருவிருந்தில் சேர்ந்து பங்கெடுப்பதைவிட ஆலயத்தை விட்டு வெளியேறுவது மேல் என்று பலர் போய்விட்டார்கள். திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த கத்தோலிக்க ஆலயம், இரண்டு சாதியார் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே பீடத்தை நோக்கி நிற்கும்படி, இரண்டு கூடங்களாகப் பிரித்துக் கட்டப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தடுப்புச் சுவரைத் திருச்சபை அதிகாரிகள் இடித்தபோது, அதை மீண்டும் கட்டவேண்டுமென்று வழக்குத் தொடுத்துச் சென்னை உயர் நீதிமன்றம் வரையில் போனார்கள், அங்கே தோற்றார்கள். ஒரு சுவரைக் காப்பதற்காக விசுவாசிகள் செலவிட்ட அந்தப் பணத்தையும் ஊக்கத்தையும் நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. பொது நோக்கம் ஒன்று கிடைத்துவிட்டாலே சபை நல்ல குடும்பமாகிவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு இது எச்சரிக்கை. நோக்கம் எது என்பதையும் கேட்க வேண்டும்.

அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத புறஜாதியாரோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் சிலர் வந்ததும் பயந்து, மெல்ல விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் விலகினார்கள். பவுல் அதைத் தனியே கூப்பிட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் முன்பாக முகமுகமாய் எதிர்த்தார் என்று கலாத்தியர் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. பேதுரு தவறான உபதேசம் எதையும் பேசிவிடவில்லை. இலையைவிட்டு எழுந்தார், அவ்வளவுதான். அதுவே சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு எதிரானது என்று பவுலுக்குப் பட்டது.

எனவே பிரசங்கத்தில் சாதியைக் கண்டிப்பதைவிட, கல்லறைத் தோட்டத்தில் வரிசை முறை கொண்டுவருவதே முக்கியம் என்று நினைக்கிறேன். அடுத்து இறப்பவர் யாராக இருந்தாலும் அடுத்த குழி அவருக்கு என்ற ஒரே ஒரு தீர்மானத்தை உங்கள் கமிட்டி நிறைவேற்றட்டும். அதை நிறைவேற்ற முடியாத சபை, குடும்பம் என்ற சொல்லைச் சில காலம் பயன்படுத்தாமல் இருப்பது நேர்மையாக இருக்கும்.

கேள்வி: கமிட்டித் தேர்தலுக்குப் பிறகு எங்கள் சபை இரண்டு அணியாகிவிட்டது. எந்தப் பக்கம் நிற்பது? (வாசகி, திருச்சி)

பதில்: சண்டையே இல்லாத சபை புதிய ஏற்பாட்டிலும் இல்லை. எருசலேமில் அன்றாடப் பந்தி விசாரணையில் எங்கள் விதவைகள் கவனிக்கப்படுவதில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறுமுறுத்தார்கள். அப்போது பந்தி விசாரிக்கத் தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பிடமே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள் என்று இதை வாசிக்கலாம். உங்கள் சபையில் வென்ற அணி இதைச் செய்யுமானால் பாதித் தகராறு தீரும்.

1919இல் தரங்கம்பாடியில் சில இந்திய ஊழியர்கள் கூடினார்கள். அசரியாவும் அவர்களில் ஒருவர். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டீரியன் என்ற பிரிவுகளை நாங்கள் உண்டாக்கவில்லை, அவை வெளியிலிருந்து எங்கள்மேல் சுமத்தப்பட்டவை. இத்தனை பெரிய பணி முன்னே இருக்கும்போது இந்தப் பிரிவுகள் எங்களைப் பலவீனப்படுத்துகின்றன என்று அவர்கள் அறிக்கை வெளியிட்டார்கள். அங்கே தொடங்கிய பேச்சு 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையாக முடிந்தது. இடையில் 28 ஆண்டுகள். அசரியா 1945 ஜனவரி முதல் நாளே இறந்துபோனார். ஐக்கியத்தை அவர் பார்க்கவில்லை. அவர்களைச் சேர்த்து வைத்தது ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த பிரியம் மட்டும் அன்று, முன்னே இருந்த வேலை. இரண்டு அணியாரும் மறுக்க முடியாத ஒரு வேலையை, ஒரு விதவையின் வீட்டுக் கூரையையாவது, நடுவில் கொண்டுவந்து வையுங்கள்.

கேள்வி: எங்கள் சபையில் பணம் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் பல ஆண்டுகளாகக் கோபுரம், தரைக்குக் கிரானைட், ஒலிபெருக்கி, மீண்டும் பெயிண்ட் என்பதைத் தவிர வேறு நோக்கம் இல்லை. பொதுவான நோக்கத்தை எங்கே தேடுவது? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நோக்கத்தைக் கூட்டம் போட்டுத் தேடிக் கண்டுபிடித்த சபைகளைவிட, வாசலில் வந்து நின்ற தேவைக்குக் கதவைத் திறந்ததால் நோக்கம் பெற்ற சபைகளே அதிகம். தூத்துக்குடி மாவட்டத்து முதலூர் 1799இல் உருவானது ஒரு திட்டத்தால் அன்று. கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டதற்காக விரட்டப்பட்டவர்களுக்கு ஒதுங்க ஓர் இடம் தேவைப்பட்டது, நிலம் வாங்கினார்கள், ஊர் உண்டாயிற்று. அதே தேவை தொடர்ந்தபோது 1830இல் ஜெர்மானிய மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்தில் தர்ம சங்கம் என்று ஒன்றைத் தொடங்கி, துன்புறுத்தப்பட்டவர்களைக் குடியமர்த்த நிலமும் வீடும் வாங்குவதற்குச் சபையாரிடமே பணம் திரட்டினார்கள்.

உங்கள் ஆலயத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கோவை போன்ற நகரத்தில் ஆலைகளிலும் கட்டட வேலைகளிலும் இருக்கிற வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அரசு மருத்துவமனையில் நோயாளிகளோடு தங்கியிருக்கிற உறவினர்களுக்கு இரவு உணவுக்கு வழி இருப்பதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் உங்கள் சபையில் குறைந்தது பத்துப் பேராவது இருப்பார்கள். ஞாயிறு ஆராதனையில் அவர்களுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்றைத் தெரிந்துகொண்டு, ஓராண்டு விடாமல் செய்யுங்கள். பணம் கொடுக்கிறவர் மட்டுமன்றி, பணம் கொடுக்க முடியாதவரும் கையை வைக்கக்கூடிய வேலையாக அது இருக்கட்டும்.

ஒரு கவனமும் வேண்டும். 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் பேசிய அசரியா, மேல்நாட்டு மிஷனெரிகள் எங்களுக்காகத் தங்கள் பொருளையும் உடலையும் கொடுத்ததற்கு நன்றி சொல்கிறோம், ஆனால் நாங்கள் கேட்பது அன்பையும்தான், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்றார். இப்போது கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் நாம். சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கொடுத்துப் படமெடுத்துக்கொண்டு திரும்புகிற சபைக்கு அந்தப் பேச்சு அப்படியே பொருந்தும். அந்தத் தொழிலாளியின் பெயரும் ஊரும் தெரிந்திருக்க வேண்டும். கிறிஸ்துமஸ் அன்று அவர் நம் வீட்டில் வந்து சாப்பிட வேண்டும். அவருடைய பண்டிகைக்கு அவர் அழைத்தால் நாமும் போக வேண்டும். மதம் மாற்றுவதற்காக என்ற சந்தேகம் எழுந்தால், அதைப் போக்குவதற்குப் பல ஆண்டுக்காலப் பழக்கத்தைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை முதல் பொருளாகப் போடச் சொல்லுங்கள். பெயிண்ட் கடைசிப் பொருளாக இருக்கட்டும். நேரம் மிஞ்சினால் பேசிக்கொள்ளலாம்.